பச்சைக் கரண்டிக்குப் பக்கத்தில் நெத்திலிப் பொடி

பெருங்காய டப்பாவைத் தேடித்தான் அலமாரியைத் திறந்தேன்.

செங்காங் வீட்டு அடுக்களையில் அந்த மேல்தட்டு முழுக்க என்னுடையது. என் பருப்பு, என் பொடிகள், கழுவிக் கவிழ்த்து வைத்த என் பச்சைக் கைப்பிடிக் கரண்டி. ஒரு பருப்பு டப்பாவை நகர்த்தியபோது, கரண்டியை ஒட்டி, நான் வாங்காத ஒரு பாட்டில் நின்றது. நெத்திலிப் பொடி. குட்டி மீன் படம் வேறு போட்டிருந்தது.

அடுப்பில் எனக்கான கொண்டைக்கடலைச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை கறிவேப்பிலை பறிக்க வாசல் தாழ்வாரத்துத் தொட்டிக்குப் போயிருந்தார். மறுநாள் காலை காலாங் ஆற்றில் எனக்குப் படகுப் போட்டி. பாட்டிலைக் கையில் எடுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பெருங்காயம் எதற்குத் தேடினேன் என்பதே மறந்து நின்றேன்.

புது வீட்டுச் சாவி வாங்கிய கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஒரே வீட்டில் இருந்தும் உங்களுக்கும் மாமியாருக்கும் ஒரு சண்டைகூடவா வந்ததில்லை?" வந்தது அம்மா. கிட்டத்தட்ட வந்தது. இந்த வாரம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மீன் குழம்பு வீட்டில் ஒரு சைவம்

நான் திருநெல்வேலிக்காரி. கணினி வேலைக்கு இங்கே வந்தவள். என் கணவர் குமார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா, என் அத்தை, பல வருடம் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சோற்றுக்கடை நடத்தியவர். அவர் மீன் குழம்பு வைத்தால் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கிண்ணத்தோடு வந்து நிற்பார்.

நானோ பிறந்தது முதல் சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிற ரகம். கல்யாணம் முடிவானபோது என் அம்மாவின் கவலையெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றி இல்லை, மீனைப் பற்றித்தான்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே அத்தை தேக்கா சந்தைக்குப் போய் ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு கத்தி வாங்கி வந்தார். எல்லாவற்றுக்கும் பச்சைக் கைப்பிடி. அவற்றை என் கையில் கொடுக்கவில்லை. தன் மகன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது கலாவோடது. இதுல எவனாச்சும் மீன் குழம்பக் கிண்டினா கைய ஒடிச்சிடுவேன்."

குமார் ஒரே ஒரு முறை அந்தச் சட்டியில் ஆம்லெட் போட்டார். அத்தை சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, துணி காயப்போடும் கம்புகளுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வெயிலில் வைத்தார். குமாருக்கு அந்த இரண்டு நாளும் கோப்பிக்கடைச் சாப்பாடுதான்.

இத்தனைக்கும் நான் பெரிய பக்தை இல்லை. கொள்கை முழக்கம் போடுகிறவளும் இல்லை. என்னால் முடியாது, அவ்வளவுதான். இங்கே வந்த பிறகு ஊர் மாறியது, உடை மாறியது, "என்னலே" என்று பேசிய வாய் "ஓகே லா" என்று பேசப் பழகிக்கொண்டது. கடவுச்சீட்டின் நிறமும் மாறியது. தட்டு ஒன்றுதான் மாறவில்லை. அதை விட்டுவிட்டால் கிளம்பி வந்த அந்தப் பெண்ணில் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தைக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

படகில் ஓர் இடம்

கோவிட் அடங்கிய பிறகு, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் சூ லின் ஒருநாள் மின்தூக்கியில் என் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். "கலா, யூ காட் குட் ஷோல்டர். கம், பேடில் வித் அஸ்," என்றாள். தோளைப் பார்த்து ஒருவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

டிராகன் படகு பார்த்திருப்பீர்கள். ஒடுங்கலாக நீளமாக இருக்கும். முன்னால் ஒருவர் மேளம் அடிப்பார், பின்னால் ஒருவர் திசை பிடிப்பார், நடுவில் இருப்பவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். சூ லின் இடது பக்கம், நான் வலது பக்கம். எல்லாருடைய துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கினால் படகு ஒரு கணம் எழும்புவதுபோல் இருக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் சனிக்கிழமை விடியலில் தூக்கத்தை விட்டுவிட்டுப் போவோம்.

பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்றால் மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தவள் நான். நாற்பது தாண்டிய பிறகு எனக்கு ஒரு குழு கிடைத்தது, முதுகில் பேர் போட்ட சட்டை கிடைத்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்தச் சட்டையைத் துவைக்க நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. அப்புறம் மெல்ல ஒரு அசதி. எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் பாதியில் நின்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். சீப்பில் கொத்தாக முடி. படகில் சூ லின் துடுப்பு தண்ணீருக்குள் போய் வெளியே வந்த பிறகுதான் என் துடுப்பு இறங்கும்.

ஒரு சனிக்கிழமை படகிலிருந்து மிதவை மேடையில் கால் வைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்துப் பார்த்தபோது சூ லின் மடியில் என் தலை. கொஞ்ச நேரத்தில் அத்தை டாக்சியில் வந்து இறங்கினார். வீட்டில் கட்டியிருந்த பூப்போட்ட பாத்திக் கைலியை மாற்றக்கூட இல்லை. என் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தையை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் பயிற்சியாளர் என்னை மாற்று ஆளாக உட்காரவைத்தார். என் இடத்தில் வேறொரு பெண். கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் பைகள்!

ஆளுக்கொரு கோழி

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. விழுந்தவள் சைவம் என்று தெரிந்ததும் தீர்ப்பு தயாராகிவிட்டது.

"யூ ஈட் சிக்கன் லா, கலா. ஸ்மால் ஸ்மால் ஒன். லைக் மெடிசின்," என்றார் பயிற்சியாளர். நல்ல மனிதர். மருந்து மாதிரிக் கொஞ்சமே கொஞ்சம் சாப்பிடு என்று கெஞ்சாத குறை. அலுவலகத்தில் ஒருத்தி கோழிச் சாற்றுக் குப்பியை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். குமார் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். என்னிடம், "உனக்குப் புடிச்சத சாப்பிடு," என்பார். அம்மாவிடம் போய், "கொஞ்சம் சூப்பாச்சும் குடிக்கலாம்," என்பார்.

அத்தை தொலைபேசியில் கோயில் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "வெறும் கீரையும் தண்டும் தின்னுட்டு படகு தள்ளப் போனா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகப் போய்க் கேட்டேன்.

"அத்தை, தைப்பூசத்துக்கு உங்க மகன் விரதம் இருக்காரே. வாரக்கணக்கா சைவம். அப்புறம் சிராங்கூன் ரோட்டுலேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் வெறுங்காலோட காவடி தூக்கிட்டு நடக்கிறாரு. அப்ப மட்டும் தெம்பு எங்கேர்ந்து வருது?"

அத்தை யோசிக்கவே இல்லை. "அது முருகன் குடுக்குற தெம்பு. ஒன் படகுல முருகன் வந்து ஒக்காருவாரா?"

சூ லின் ஒருத்திதான் கோழிக்குக் கட்சி கட்டவில்லை. அவளுடைய அம்மா சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். "என் அம்மா அன்னிக்கும் சந்தைக்கு நடந்துதான் போறாங்க. காய்கறி யாரையும் கீழே தள்ளாது. போய் டாக்டரைப் பாரு," என்று ஆங்கிலத்தில் திட்டினாள்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அந்த வாரம் பயிற்சி முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது சூ லினின் கோழிச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு துண்டு. மருந்து மாதிரி. என் இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். கரண்டியை நான் எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று தோன்றியதே, அதற்கு அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

தே செய்த வேலை

பலதுறை மருந்தகத்தில் என்னைப் பார்த்த மருத்துவர் இளம் மலாய்ப் பெண். இரத்தப் பரிசோதனை முடிவைத் திரையில் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து மிகவும் குறைவு என்றார். பி12 என்கிற வைட்டமினும் கொஞ்சம் குறைவாம்.

"நான் சைவம்," என்றேன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி.

"தினமும் மாட்டிறைச்சி சாப்பிடுகிற பெண்களும் இதே முடிவோடு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். இந்த வயதில் மாதவிலக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். பிறகு, காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார்.

சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், சாயங்காலம் முறுக்கு, ராத்திரி தயிர் சாதம். சைவம் என்ற பேரில் நான் தின்றதெல்லாம் அரிசி. துடுப்புப் போட்டுவிட்டு வந்த உடம்புக்கு அரிசியையே நான்கு வேடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதில் கீரைக்குக் கெட்ட பேர்!

"சாப்பாட்டோடு என்ன குடிப்பீர்கள்?"

"தே." இங்கே தேநீருக்கு அதுதான் பேர்.

"எத்தனை வேளை?"

"எல்லா வேளையும்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. தயிர் சாதம் பாதி தீரும்போதே அத்தையின் தே தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சாயம் திக்காக, இனிப்புப் பால் ஊற்றி, நுரை ததும்ப ஆற்றிய தே. கடை நடத்திய காலத்துக் கை. குடிக்காமல் எழுந்தால் அவருக்கு முகம் வாடிவிடும். பயறிலும் கீரையிலும் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அந்தத் தே தடுக்கிறது என்றார் மருத்துவர். சைவத்தை விடவேண்டியதில்லை, ஒழுங்காகச் சாப்பிடவேண்டும், அவ்வளவுதான் என்றார். பருப்பு, கடலை, சோயாவில் செய்த தௌகுவா, தெம்பே எல்லாம் தட்டில் வரவேண்டும். கீரைக்கு மேல் எலுமிச்சை பிழிந்துகொள்ளவேண்டும். தே, சாப்பிட்டு நன்றாக இடைவெளி விட்ட பிறகு. இரும்பு மாத்திரை கொஞ்ச காலம். பி12 மாத்திரையைச் சைவக்காரர்கள் விடவே கூடாதாம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எல்லாம் சரி, இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது?

"என் தேயா?" என்றார் அத்தை. "ஒங்க மாமா சாவுற வரைக்கும் இதத்தானே குடிச்சாரு!" அந்த வாக்கியம் எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தே இல்லை. குமார் தினமும் கீழே கோப்பிக்கடைக்குப் போய் ஏழு கடலுக்கு அப்பால் அனுப்பப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒருநாள், நான் சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து, தட்டால் மூடிய ஒரு கோப்பை என் பக்கத்தில் வந்து அமர்ந்தது. கடலை ஊறவைக்கவும் அத்தையே தொடங்கினார். நான் அலுவலகம் முடிந்து பெருவிரைவு ரயிலில் தொங்கிக்கொண்டு வருவதற்குள் பச்சைச் சட்டியில் எனக்கென்று குழம்பு இருக்கும்.

சில மாதங்களில் உடம்பு தேறியது. படிக்கட்டில் கைப்பேசியைப் பார்க்கவேண்டிய தேவை போயிற்று. துடுப்பு சூ லினோடு சேர்ந்து இறங்கியது. போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் பயிற்சியாளர் என் பேரை வாசித்தார். "சிக்கன், ரைட்?" என்று கண்ணடித்தார். நான் இல்லை என்று தலையாட்டியதை அவர் நம்பவில்லை.

வீட்டில் சொன்னபோது அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அன்று எனக்கு அர்த்தம் புரியவில்லை.

தட்டுக்கு முன்னால்

இப்போது அலமாரிக்குத் திரும்புவோம்.

அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திக்கொண்டது. அத்தையே சமைத்த குழம்பு. என் கைக்கு வந்த தெம்பு. அந்தச் சிரிப்பு. இங்கே பிள்ளைகளுக்குக் கஞ்சியில் நெத்திலிப் பொடி தூவாத அம்மா உண்டா? எலும்புக்கு நல்லது என்று எல்லாரும் செய்வதுதான். மாத்திரையும் கடலையும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் மீனா? இத்தனை மாதமும் என் பச்சைச் சட்டிக்குள் மீனா?

சாப்பிட உட்கார்ந்தோம். குமாருக்கு மீன், எனக்குச் சாம்பார். அத்தை பச்சைக் கரண்டியால் ஊற்றினார். சோற்றைப் பிசைந்தேன். உருட்டினேன். கை வாய்க்கு எழவில்லை. கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகம். யார் கையை நம்பி இந்த வீட்டில் இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேனோ, அந்தக் கை.

"என்னாமா, உப்பு இல்லியா?"

"அத்தை, மேல்தட்டுல ஒரு பாட்டில் பார்த்தேன்."

குமார் மெல்லுவதை நிறுத்தினார். அத்தை எழுந்து போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பாட்டிலைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ விழுந்தியே, அன்னிக்கு சாயங்காலம் வாங்குனது."

நான் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். மூடியைச் சுற்றிக் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பொடி கழுத்துவரை நிறைந்திருந்தது.

"போடணும்னுதான் வாங்குனேன். பொய் சொல்ல மாட்டேன். நீ வெளிறிப்போயி கெடந்தத பாத்துட்டு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. ஒரு ஸ்பூன்தானே, சாம்பார்ல கரைஞ்சிடும், அவளுக்குத் தெரியவா போவுதுன்னு நெனச்சேன். கொழம்பு கொதிக்கும்போது எடுப்பேன். பக்கத்துல இந்தக் கரண்டி இருக்கும். திருப்பி வச்சிடுவேன். மறுநாளும் எடுப்பேன்."

"ஏன் அத்தை போடல?"

அத்தை தன் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "எப்பவாச்சும் நீ கேட்டா, இல்லன்னு சொல்லணும்ல? ஒன் மூஞ்சியப் பாத்து அத சொல்ல எனக்கு வராது லா."

"அப்ப அன்னிக்கு ஏன் அப்படிச் சிரிச்சீங்க?"

"தூக்கிப் போடாம இவ்ளோ நாள் வச்சிருந்தேன் பாரு. நல்லவேளை கொழம்புல போடலன்னு சிரிச்சேன். டாக்டர் பொண்ணு சொன்னது நெசந்தான் போலன்னு சிரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, முணுமுணுப்பாகச் சேர்த்தார். "என் தே மேல பழி போட்டது மட்டும் இன்னும் ஆறல."

குமார் மெதுவாகக் கையை நீட்டினார். "அப்ப இத நான் போட்டுக்கவா?"

அவர் கையில் ஓர் அடி விழுந்தது. நான் பிசைந்து வைத்திருந்த உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணீர் வந்து, உப்பு உண்மையிலேயே கூடிப்போயிற்று.

காலாங் கரையில்

மறுநாள் நாங்கள் ஜெயிக்கவில்லை. நான்காவதாக வந்தோம். கடைசி நூறு மீட்டரில் எல்லாத் துடுப்பும் ஒன்றாக இறங்கின. படகு எழும்பியது. நான் சூ லினுக்கு ஒரு கணமும் பிந்தவில்லை.

கரையில் அத்தை சுண்டல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார், குழு முழுவதற்கும். பயிற்சியாளர் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு அவரிடம் போனார். "ஆண்ட்டி, யூ கேவ் ஹெர் சிக்கன், ரைட்?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நோ சிக்கன். நோ ஃபிஷ். ஐ குக், ஐ நோ."

நான் பாத்திரத்தில் பாதியைத் தின்று முடித்தேன். கை கால் எல்லாம் வலி. இந்த உலகத்தில் எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அத்தையின் மடியில் பிளாஸ்க் இருந்தது. மூடி வழியாக ஏலக்காய் போட்ட தே வாசனை வந்தது. கையை நீட்டினேன்.

அத்தை பிளாஸ்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"இப்பதானே சாப்ட்ட? கொஞ்ச நேரம் ஆவட்டும்."